விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பால் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ராத்திரியில் வலி தாங்காமல் அழுகிறான். வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்கிறார் டாக்டர். விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிட்டால் என்ன? எக்ஸ்ரே என்றாலும் பயமாக இருக்கிறது.

பதில்: விழும்தான். ஆனால் பால் கடைவாய்ப் பல் விழ 10 முதல் 12 வயதாகும். அதுவரை, அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். இப்போதே பிடுங்கினால் பின்னால் இருக்கும் பல் முன்னால் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். புதுப்பல் கோணலாக முளைக்கும், இல்லையென்றால் ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், அந்த இடத்தைக் காக்கும் கம்பி வளையத்தைக் கேட்டு வாங்குங்கள். வேர் சிகிச்சையில் பால் பல்லுக்குள் வைப்பது, வேரோடு சேர்ந்து தானும் கரைந்துபோகும் பசை மருந்து.

எக்ஸ்ரேக்கும் பயப்பட வேண்டாம். 1896இல் ஜெர்மனியின் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தன் பற்களை எக்ஸ்ரே எடுக்க 25 நிமிடம் பிடித்தது. இன்றைய ஆர்.வி.ஜி. என்ற டிஜிட்டல் எக்ஸ்ரே சென்சாருக்கு ஒரு நொடிகூட வேண்டாம். அந்த ஒரு படத்தின் கதிர்வீச்சு, இயற்கையாக ஒரு நாளில் நம்மீது படுவதைவிடக் குறைவு. வேரடியில் சீழ் கோத்திருக்கிறதா என்பதை வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தயங்காமல் எடுங்கள்.

இன்னொன்று. மகனை வாய் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். 6 வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே முளைப்பது அது. பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது நிலைப்பல். அதன் பள்ளங்களில் சொத்தையைத் தடுக்கும் சீலன்ட் பூசலாமா என்று இந்த முறையே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.