ரிலேயும் உணரியும்: வீட்டுக் கருவிகள் தாமே இயங்கும் முறை



பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கு தானே எரிவதும், தொட்டி நிரம்பியதும் நீர் இறைக்கும் மோட்டார் தானே நிற்பதும் இன்று வியப்புக்குரியவை அல்ல. உள்ளங்கையில் அடங்கும் கட்டுப்படுத்தி ஒன்றும், சில உணரிகளும், சில ரிலேக்களும் இருந்தால் போதும். இவற்றை வாங்கிப் பூட்டிப் பார்ப்பதில் நம் மாணவர்கள் காட்டும் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், கருவி ஒழுங்காக இயங்கும்போது என்ன செய்யும் என்பதையே அவர்கள் எண்ணுகின்றனர். அது செயலற்றுப் போனால் விளக்கும் மோட்டாரும் எந்நிலையில் நிற்கும் என்பதை எண்ணுவோர் சிலரே. இப்பாடத்தில் நாம் அதனையே ஆராயப் புகுகின்றோம்.

உணரி கண்ணைப் போன்றது. கட்டுப்படுத்தி மூளையைப் போன்றது. ரிலே கையைப் போன்றது. ரிலே என்னும் சொல்லை விளையாட்டுப் போட்டியில் நாம் அறிவோம். அஞ்சலோட்டத்தில் களைத்தவர் கையிலுள்ள கோலைப் புதியவர் வாங்கி ஓடுகிறார் அல்லவா? தந்தியிலும் அதுவே நிகழ்ந்தது. நெடுந்தொலைவு சென்று மெலிந்த மின்னோட்டம், ஒரு மின்காந்தத்தை மட்டும் இயக்கும். அக்காந்தம் வேறொரு மின்கலத்தின் சுற்றை மூடிச் செய்தியைப் புது வலிமையுடன் அனுப்பும். அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டு வாக்கில் கண்ட இவ்வழியே இன்றும் நம் வீட்டுப் பலகையில் உள்ளது.

கடைகளில் கிடைக்கும் சிறு ரிலேயின் சுருள் 5 வோல்ட்டில் ஏறத்தாழ 70 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். கட்டுப்படுத்தியின் முனையால் அவ்வளவு தர இயலாது. ஆதலால் இடையே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். விற்பனையாகும் ரிலே பலகைகளில் அது முன்னரே அமைந்திருக்கும்.

இனி, கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். ரிலேயில் மூன்று முனைகள் உண்டு. நடுவில் இருப்பது பொதுமுனை. என்.ஓ. என்று பொறித்த முனை, சுருளில் மின்சாரம் இல்லாதபோது பொதுமுனையுடன் சேராது நிற்கும். என்.சி. என்று பொறித்த முனையோ அப்போது சேர்ந்தே இருக்கும். எதில் கம்பியைப் பூட்டுவது? நீர் மோட்டாரை என்.ஓ. முனையில் பூட்ட வேண்டும். கட்டுப்படுத்தி மின்சாரம் இழந்தால் மோட்டார் நின்றுவிடும், தொட்டி வழிந்தோடாது. முதியோர் இறங்கும் படிக்கட்டின் விளக்கை என்.சி. முனையில் பூட்டுவதே நன்று. கட்டுப்படுத்தி பழுதானால் விளக்கு எரிந்தபடி இருக்கும். இருளில் எவரும் தடுக்கி விழார். பகலெல்லாம் விளக்கை அணைத்து வைக்கச் சுருளுக்கு மின்சாரம் தர வேண்டியுள்ளதே என்பர் சிலர். அது அரை வாட்டிற்கும் குறைவு. ஒரு பாட்டியின் இடுப்பெலும்பைவிட அதிகமன்று.

உணரிக்கும் இவ்விதி பொருந்தும். நம் தோட்டத்து வீடுகளில் கம்பியை எலி கடிப்பது புதுமையன்று. தொட்டியின் மேல் மிதவையில், நீர் குறைந்திருக்கும்போது சுற்று மூடியும், நிரம்பியதும் திறந்தும் இருக்குமாறு அமைக்க வேண்டும். அப்போது கம்பி அறுந்தாலும், ‘தொட்டி நிரம்பியது’ என்றே கட்டுப்படுத்தி கொள்ளும், மோட்டாரை நிறுத்தும். மாறாக அமைத்தால், அறுந்த கம்பி ‘நீர் குறைவு’ என்று ஓயாது பொய் சொல்லும்.

கட்டுப்படுத்தி மின்சாரம் இழப்பது வேறு. உயிரோடிருந்தே மயங்கிக் கிடப்பது வேறு. அந்நிலையில் ரிலே விடுபடாது. ஆகவே கட்டுப்படுத்தியைச் சாராத தனி மிதவை விசை ஒன்று தொட்டியின் உச்சியில் வேண்டும். தொட்டி நிரம்ப 20 நிமிடம் ஆகுமாயின், 30 நிமிடத்திற்கு மேல் மோட்டார் ஓடக்கூடாது என்று நிரலிலும் எழுதி வைக்க வேண்டும்.

விளக்கை ஒளி உணரியால் இயக்குவோர் ஒரு வேடிக்கையைக் காண்பர். இருட்டியதும் விளக்கு எரியும், அதன் ஒளி உணரியின்மேல் பட்டதும் விடிந்ததென்று எண்ணி அது அணைக்கும், மீண்டும் எரியும். விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு எல்லை ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒளி 20 லக்ஸுக்குக் கீழ் இறங்கினால் எரிக, 60 லக்ஸுக்கு மேல் ஏறினால் அணைக என்று அமைத்து, உணரியையும் விளக்கொளி படாத பக்கம் திருப்பி வைத்தால் தொல்லை தீரும். தொட்டியில் மேலொரு மிதவையும் கீழொரு மிதவையும் வைப்பதும் இக்காரணம் பற்றியே. ஒரு குவளை நீர் எடுக்குந்தோறும் மோட்டார் ஓடலாகாது.

சிறு ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று பொறித்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பது அதனினும் குறைவே; ஆனால் புறப்படும் கணத்தில் பன்மடங்கு இழுக்கும். அப்பொறியில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. ஆதலால் சிறு ரிலே ஒரு கான்டாக்டரை இயக்க, கான்டாக்டரே மோட்டாரை இயக்க வேண்டும். தந்திக் காலத்து அஞ்சலோட்டமே இங்கும் நிகழ்கிறது!

பெற்றோர்க்கு ஒன்று. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் உயிரைக் குடிக்க வல்லது. அப்பகுதியைப் பதிவுபெற்ற வயர்மேன் மட்டுமே தொட வேண்டும். பிள்ளை எத்துணைக் கெட்டிக்காரனாயினும் இடங்கொடாதீர்.

மாணவர்கள் 5 வோல்ட் சிறு விளக்குகளை மோட்டாராகவும் படிக்கட்டு விளக்காகவும் கருதி மேசைமேல் பூட்டிக்கொள்ளலாம். எல்லாம் ஒழுங்காக இயங்கியபின், முதலில் உணரியின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அதை மாட்டிவிட்டு, அடுத்துக் கட்டுப்படுத்தியின் மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பாருங்கள். சில ரிலே பலகைகள் முனையில் மின்னழுத்தம் தாழும்போதே இயங்குவன. அவை மின்சாரம் திரும்பும் கணத்தில் ‘டிக்’ என்று ஒருமுறை துடிக்கலாம். அவ்வொலி கேட்டால், தொடக்க நிலையை நிரலில் திருத்திய பின்னரே வயர்மேனை அழைக்க வேண்டும்.