நீரரணும் நீர்ப்பகையும்

நாட்டிற்கு உறுதி பயக்கும் அரணை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நால்வகையாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். இவற்றுள் நீரரண் இயல்பாகவே வாய்க்கப்பெற்றவை தீவு நாடுகள். ஆழ்கடல் சூழ்ந்த நாட்டினுள் பகைவர் எளிதிற் புகுதல் அரிது. ஆயின், காவலாய் நின்ற கடலே பகையாகி எழுந்தால் அந்நாடுகள் செய்வது யாது? இவ்வினா இன்று பசிபிக் மாகடலில் எழுந்துள்ளது.

அம்மாகடலில் ஒன்பது சிறு தீவுகளாகச் சிதறிக் கிடப்பது துவாலு என்னும் நாடு. அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டரே. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் அளவே உயர்ந்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் மிகும் கரியமில வாயு புவியின் வெப்பத்தைப் பெருக்குகின்றது. வெப்பத்தால் கடல்நீர் விரிகின்றது. பனிப்பாறைகளும் உருகிக் கடலிற் கலக்கின்றன. கடல் மட்டம் உயரவே, உவர்நீர் அடிநிலத்தில் ஊறிப் புகுந்து, கிழங்கு பயிரிடும் குழிகளைக் கெடுக்கின்றது. துவாலு மக்கள் எரித்த எரிபொருளோ மிகச் சிறிது. பிறர் மூட்டிய தீ இவர்தம் கூரையைப் பற்றியது எனலாம்.

2018ஆம் ஆண்டு நவுருவில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றம் ‘போயே அறிக்கை’யை வெளியிட்டது. தம் மக்களின் வாழ்வுக்கும் பாதுகாப்புக்கும் நேர்ந்துள்ள பெருங்கேடு காலநிலை மாற்றமே என்று அந்நாடுகள் ஒருமுகமாக உரைத்தன. பாதுகாப்பு என்னும் சொல்லுக்குப் படைக்காவல் மட்டுமே பொருள் என்னும் நிலை மாறிற்று. பேரிடர்க் காலத்து உதவியும் சுற்றுச்சூழற் காவலும் அதனுள் அடங்கின.

நிலம் சுருங்கினால் கடலெல்லையும் சுருங்குமோ என்னும் அச்சம் அடுத்து எழுந்தது. கரையிலிருந்து 200 கடல்மைல் வரை மீன்வளம் அந்நாட்டிற்கே உரியது. துவாலுவின் வருவாயிற் பெரும்பங்கு அவ்வுரிமையால் வருவது. ஆதலின், ஒருமுறை வரையறுத்த எல்லை கடல் உயர்ந்தாலும் குறையாது என 2021இல் மன்றத்தினர் அறிவித்தனர். அனைத்துலக நீதிமன்றம் 2025இல் வழங்கிய கருத்துரையும் இதற்கு இசைந்ததே.

துவாலு 2023இல் ஆஸ்திரேலியாவுடன் ‘பலெபிலி’ உடன்படிக்கையும் செய்துகொண்டது. நல்ல அயலார் என்பது அச்சொல்லின் கருத்து. இதன்படி ஆண்டுதோறும் 280 பேர் ஆஸ்திரேலியா சென்று வாழலாம். பேரிடரிலும் படையெடுப்பிலும் அந்நாடு துணைநிற்கும். ஆயின், பிற நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய விரும்பின், துவாலு முதலில் ஆஸ்திரேலியாவின் இசைவைப் பெறல் வேண்டும். சிறு நாட்டிற்கு இது எளிய விலையன்று. துணை தர முன்வந்த அந்நாடே நிலக்கரியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்வது என்பதும் கருதத்தக்கது. எனினும், 2025இல் முதன்முறை விண்ணப்பம் கோரப்பட்டபோது துவாலு மக்களுள் பெரும்பாலோர் தம் பெயரைப் பதிந்தனர்.