கடலோரம் பறந்த கடிதங்கள்

நுழையும்முன்
கடிதம் எழுதியவர் ஓரிடத்தில் இருக்கிறார். அதனை எதிர்நோக்குபவர் வேறிடத்தில் காத்திருக்கிறார். இடையிலுள்ள தொலைவை விரைவு குறைக்கலாம். காத்திருப்பவரின் ஐயத்தைப் போக்குவது காலந்தவறாமையே. இந்தியக் கடற்கரை நகரங்களைச் சிறு விமானங்கள் இணைத்த வரலாறு இதனை உணர்த்துகிறது.

ஒற்றை இயந்திரத்தின் துணை

இலண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் கொணர்ந்த அஞ்சல் கராச்சியில் இறங்கியது. அதனை மும்பை வழியாகச் சென்னைக்கு வான்வழியே கொண்டுசெல்ல ஜே.ஆர்.டி. டாட்டாவும், பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ட்டும் திட்டமிட்டனர். அரசு மானியம் தர முன்வரவில்லை. அவர்கள் மானியமின்றியே பணியைத் தொடங்கினர்.

1932 அக்டோபர் 15 அன்று, டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் தனியாகப் பறந்தார். அவர் செலுத்திய 'புஸ் மாத்' சிறு விமானத்திற்கு ஒரே இயந்திரம். தரையோடு பேச வானொலிக் கருவி இல்லை. இயந்திரம் நின்றால் கைகொடுக்க மற்றோர் இயந்திரமும் இல்லை. கண்ணால் கண்ட நிலமே வழிகாட்டி. அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. வானூர்திக்கு மாட்டுவண்டி உயிரூட்டிய காட்சி அது! பிற்பகலில் விமானம் மும்பையின் ஜூஹூ திடலில் இறங்கியது. அங்கிருந்து வின்சென்ட் அஞ்சலைப் பெற்றுப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார்.

மழையும் மனவுறுதியும்

கடலையொட்டிய ஜூஹூ திடல் பருவமழைக் காலத்தில் நீரில் மூழ்கும். அதற்காக அஞ்சல் நிற்கவில்லை. விமானங்கள் புனேயில் இறங்கின. மலைத்தொடரை மறைக்கும் மேகங்களுக்கிடையே பறப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கத்தக்கது. எனினும், முதலாண்டு முழுவதும் இப்பணி குறித்த நேரத்தில் நடந்தமையை அரசின் வான்போக்குவரத்துத் துறையே பாராட்டியது. இப்புகழ் விமானிக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத்தைப் பழுதுபார்த்தோர், எரிபொருள் சுமந்தோர், அஞ்சல் பைகளைப் பிரித்தளித்தோர் என அனைவருக்கும் உரியது.

1935இல் மும்பையிலிருந்து கோவா, கண்ணூர் வழியாகத் திருவனந்தபுரத்திற்கும் அஞ்சல் பறந்தது. மேற்குக் கடற்கரை நகரங்கள் வான்வழியே நெருங்கின.

சிறிய விமானம் பெரும்பாரத்தைச் சுமக்க இயலாது. ஆனால், முன்பின் அறியாத ஒருவரின் நம்பிக்கையை அது சுமந்து சென்றது. அந்நம்பிக்கையைக் காப்பதே எப்பணிக்கும் பெருமை.

தெரிந்து தெளிவோம்
1929இல் இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல் இந்தியர் ஜே.ஆர்.டி. டாட்டா. முதல் அஞ்சல் பயணத்தின் பொன்விழாவை முன்னிட்டு, 1982இல் தம் 78ஆம் அகவையில் கராச்சியிலிருந்து மும்பைக்கு அவர் மீண்டும் சிறு விமானத்தில் பறந்தார்.

சிந்தனை வினா
'விரைவினும் காலந்தவறாமையே நம்பிக்கையை வளர்க்கும்' – இக்கூற்றைப் பாடக்கருத்துகளைக் கொண்டு நிறுவுக.