உண்ணிக் காய்ச்சல்

மழைக்குப்பின் புதர் அடர்ந்திருக்கும் மாதங்களில், நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் காய்ச்சலென்று படுத்திருப்போர் பலர். அக்காய்ச்சல்களுள் ஒன்று ‘ஸ்கரப் டைபஸ்’ என்னும் உண்ணிக் காய்ச்சல். வயலெலி, மூஞ்சூறு முதலியவற்றில் ஒட்டி வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் குஞ்சே இதன் கிருமியைச் சுமப்பது.

இக்குஞ்சு ஒரே முறைதான் பிராணியைக் கடிக்கும். வளர்ந்தபின் மண்ணில் வாழும். அங்ஙனமாயின் கிருமி பரவுவது எப்படி? தாய் உண்ணியின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது! ஆகவே எலியைக் கொன்றுவிட்டாற் போதும் என்பது பாதி உண்மையே. எலி கிட்டாத குஞ்சு, புல்லில் அமரும் மனிதரைப் பற்றக்கூடும். வீட்டருகுப் புதரையும் வெட்டுதல் வேண்டும். தரையில் அமர்வோர் பாய் விரித்தல் நலம்.

கடித்த இடம் வலியாது. அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ, பீடி சுட்டாற்போல் ஒரு கரும்பொருக்கு தோன்றும். சிலருக்கு அதுவும் இராது. சுமார் பத்து நாளில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் காணும். பெண்கள் கூச்சத்தால் பொருக்கைக் காட்டுவதில்லை; இதனால் நோய் தெரியாமற் போகிறது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

பென்சிலின் இதற்குப் பயன்படாது. 1948-இல் கோலாலம்பூரில் குளோரம்பெனிகால் கொடுத்துக் குணங்கண்டனர். இன்று டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரை பெரிதும் வழங்குகிறது. மருத்துவரிடம் செல்வோர், காட்டிலும் கழனியிலும் வேலை செய்ததைத் தாமே எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.