கட்டும் விடுதலையும்

மனிதனோடு நெருங்கிப் பழகும் விலங்குகளுள் முதன்மையானது நாய். ஆயினும் நாய்கள் யாவும் ஒரே இயல்பின அல்ல. காவலுக்கு உரியன சில. மந்தை மேய்ப்பதற்கு உரியன சில. வேட்டைக்கு உரியன சில. வேட்டைநாயை வளர்ப்போர் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. வெளியிடங்களுக்கு அதனைக் கயிற்றில் பிணித்தே அழைத்துச் செல்வதா, கட்டவிழ்த்து ஓடவிடுவதா என்பதே அவ்வினா. இங்கிலாந்து நாட்டு டெரியர் என்னும் நாயினத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

டெரியர் என்னும் பெயர், நிலத்தைக் குறிக்கும் 'தெர்ரா' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. நரி மண்ணுள் வளை அமைத்து வாழ்வது. உடல் பருத்த நாய்கள் அவ்வளையுள் நுழைய இயலா. சிற்றுடலும் பெருந்துணிவும் வாய்ந்த டெரியரே உட்புகுந்து, குரைத்து, நரியை வெளியே துரத்தும். ஜான் ரசல் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஆக்ஸ்போர்டில் பயின்ற காலத்தில், 1819ஆம் ஆண்டில், இத்தகைய பெட்டை நாய் ஒன்றை ஒரு பால்காரரிடம் வாங்கினார் என்பர். அவர் பெருக்கிய நாய்க்குலம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மண்ணுக்கடியில் இருக்கும் நாய்க்குத் தலைவனின் கண் துணையாகாது. அவன் குரலும் எட்டாது. ஆதலின், ஏவலுக்குக் காத்து நில்லாமல் தானே துணிந்து வினையாற்றும் நாய்களையே மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர். அவ்வழி வந்த டெரியர், முயலைக் கண்டதும் அழைப்பைச் செவிமடுக்காமல் ஓடுமாயின், அது நன்றிகெட்ட செயலன்று. மனிதனே அதன் குருதியில் ஊன்றிய இயல்பாகும்.

வேட்டை என்பது ஒரு செயலன்று. பல செயல்களின் தொடர். கண்டறிதல், பதுங்கி அணுகுதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என அது நீளும். மந்தை மேய்க்கும் நாயிடம் பதுங்குதலும் துரத்துதலும் வளர்ந்துள்ளன; கவ்விக் கொல்லுதல் ஒடுங்கியுள்ளது. டெரியரிடமோ இறுதிப் படியும் குன்றாது நிற்கின்றது. எலியைக் கவ்விய கணமே உதறிக் கொன்றுவிடும் வேகம் அதற்கு உண்டு.

கட்டவிழ்த்த நாயால் விளையும் கேடுகள் இருவகைப்படும். ஒருவகை நாய்க்கே நேர்வது. துரத்தும் வேகத்தில் அது சாலையில் ஓடி வண்டியில் அடிபடும். வளையுள் புகுந்து மீள வழியின்றிச் சிக்கும். மற்றொரு வகை பிற உயிர்களுக்கு நேர்வது. ஆடுகளைக் கடித்தும் துரத்தியும் துன்புறுத்தும் நாயின் உடையவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் பிரிட்டனில் 1953இல் இயற்றப்பட்டது. தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காக்கும்பொருட்டு, இங்கிலாந்தில் மக்கள் நடமாடத் திறந்துவிடப்பட்ட வெளிநிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிணித்தல் வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டுச் சட்டம்.

இத்தகைய கண்டிப்பு மிகையோ எனச் சிலர் ஐயுறலாம். நியூசிலாந்து நாட்டு நிகழ்ச்சியொன்று அவ்வையத்தை அகற்றும். 1987ஆம் ஆண்டில் வைட்டாங்கிக் காட்டில், பறக்கமாட்டாத கிவிப் பறவைகள் 24க்கு வானொலிக் கருவி பொருத்தி ஆய்வு நடத்தினர். தனித்துத் திரிந்த நாயொன்று சில வாரங்களுள் அவற்றுள் 13ஐக் கொன்றது. அக்காட்டில் அதனால் மாண்ட கிவிகள் ஏறத்தாழ 500 இருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். அந்நாய் டெரியர்கூட அன்று. வேட்டைக்கெனத் தோன்றாத ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தது.

அங்ஙனமாயின், டெரியரை வாழ்நாள் முழுதும் கட்டியே வைத்தல் தகுமோ? தகாது. ஓடுதல் அதன் உடலுக்கு உணவு போன்றது. மோப்பம் பிடித்தல் அதன் அறிவுக்கு விருந்து. ஆகவே, விடுதலையைப் படிப்படியாக அளித்தல் வேண்டும். முதலில் வீட்டினுள்ளும், பின் வேலி சூழ்ந்த இடத்தும், அதன்பின் 10 மீட்டர் அளவுள்ள நீண்ட கயிற்றிலும் பழக்குதல் நன்று. அழைத்தவுடன் வரும்போதெல்லாம் சுவையான தின்பண்டம் அளித்துப் பாராட்டுக. காலந்தாழ்த்தி வரினும் அடித்தல் ஆகாது. அடித்தால், 'திரும்பி வருதல் துன்பம்' என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

இவ்வாறு பழகிய பின்னும் ஒன்றை மறத்தலாகாது. நூறு முறை அழைப்புக்கு இணங்கிய நாய், நூற்றோராம் முறை முயலின் பின் ஓடக்கூடும். ஆதலின் ஆடு மேயும் இடத்தும், பறவை அடைகாக்கும் இடத்தும், வண்டிகள் ஓடும் சாலையோரத்தும் கயிற்றைக் கைவிடலாகாது. நன்கு வேலியிட்ட திடலில் அதனை மனமார ஓடவிடலாம்.

தும்பை விட்டு வாலைப் பிடித்தல் என்பது நம் நாட்டுப் பழமொழி. நாய் பாய்ந்த பின் கூவி அழைப்போர் செயலும் அத்தகையதே. நாய்க்குத் தன் இயல்பை அடக்கும் பொறுப்பு இல்லை. அதனை அறிந்து காக்கும் பொறுப்பு வளர்ப்போருக்கே உண்டு. இடமும் காலமும் அறிந்து கட்டுதலும், அவை அறிந்தே அவிழ்த்தலும் உண்மை அன்பின் இரு கைகளாகும்.