மின்சாரக் கார் புகை விடாதா?



2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாடெங்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், மின்சாரக் கார்கள் நம் மலைப்பாதைகளிலும் கூடுதலாகத் தென்படலாயின. “இவை புகை விடுவதில்லை, ஆகவே சூழலுக்குத் தீங்கில்லை” என்கிறார்கள் சிலர். “பற்றரி செய்வதே பெருங்கேடு” என்கிறார்கள் வேறு சிலர். இவற்றில் எது உண்மை? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெற்றோலின் கணக்கு

ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ எடைதான். ஆனால் எரியும்போது அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகிறது. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார், 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 19 கிலோ விடுகிறது. உலகை வெப்பமாக்கி, மழையின் காலத்தையும் அளவையும் குழப்பும் வாயு இதுவே. மழையை நம்பி வாழும் தேயிலைக்கு இதனால் வரும் தீங்கை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தின் கணக்கு

மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் இல்லை என்பது மெய்யே. ஆனால் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நம் மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் நிறைவேறியது. இந்த நீர்மின்சாரத்துக்குப் புகை இல்லை. ஆனால் நீர் மட்டும் நாட்டுக்குப் போதவில்லை. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் இருக்கிறது. அங்கே ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது.

மின்சாரக் காருக்கு 100 கிலோமீற்றர் ஓட, இழப்புகளையும் சேர்த்துச் சுமார் 18 அலகு தேவை. அத்தனையும் நிலக்கரி மின்சாரமானால் 18 கிலோ; பெற்றோல் காருக்கு ஏறத்தாழச் சமம். பாதி நீரும் பாதி நிலக்கரியும் என்றால் 9 கிலோ. முழுவதும் நீர் அல்லது சூரியனால் வந்ததென்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே விடை காரில் இல்லை. மின்கம்பியின் மறுமுனையில் இருக்கிறது.

பற்றரியின் கடன்

பற்றரி செய்யும்போதே பல தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. நடுத்தர அளவுள்ள ஒன்றுக்கு 3 தொன் என்று வைத்துக்கொள்வோம். இது கார் பிறக்கும்போதே சுமக்கும் கடன். பாதி நீர் மின்சாரத்தில் ஓடினால் 100 கிலோமீற்றருக்கு 10 கிலோ மீதமாகும்; 30,000 கிலோமீற்றரில் கடன் தீரும். அதன்பின் எல்லாம் இலாபமே. நிலக்கரியில் மட்டும் ஓடினால் கடன் தீர மிக மிக நீண்ட தூரம் ஓட வேண்டும்.

இன்னொரு கடனும் உண்டு. சில வகைப் பற்றரிகளுக்கு வேண்டிய கோபால்ற்றில் பெரும்பகுதி ஆபிரிக்காவின் கொங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் சுரங்கக் குழிகளில் வேலை செய்திருக்கிறார்கள். பிறர் உழைப்பில் எழுந்த செல்வத்தைப் பற்றித் தோட்ட மக்களாகிய நாம் அறிவோமல்லவா? கோபால்ற் சேராத இரும்பு பொஸ்பேற் பற்றரிகளும் இப்போது விற்பனையில் உள்ளன. வாங்குவோர் இதைக் கேட்டறிவது கடமை.

மலைப்பாதையில் ஒரு நன்மை

ஒன்றரைத் தொன் எடையுள்ள காரை 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, உராய்வு முதலியவற்றை விட்டால், நாலு அலகு சக்தி வேண்டும். பெற்றோல் கார் இறங்கும்போது அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகி வீணாகிறது. மின்சாரக் காரிலோ மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, அதில் ஒரு நல்ல பங்கைப் பற்றரிக்குத் திருப்பித் தருகிறது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்குவோர் இதைக் கண்ணாரக் காணலாம்.

பஸ்ஸில் போகிறவர்

நம்மில் பெரும்பாலோர் கார் வாங்கப் போவதில்லை, பஸ்ஸிலேயே போகிறோம். ஒரு லீற்றர் டீசலுக்கு 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. லீற்றருக்கு 3 கிலோமீற்றர் ஓடும் பஸ்ஸில் 50 பேர் இருந்தால், ஒருவருக்கு 100 கிலோமீற்றருக்கு 2 கிலோவுக்கும் குறைவு. மின்சாரக் காரில் தனியே போகிறவருக்கு 9 கிலோ. நல்ல பஸ் சேவை கேட்பதும் சூழலைக் காப்பதே என்பது இதனால் விளங்கும்.

நீதியும் வேண்டும்

நீர்மின்சாரத்துக்கும் விலை உண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் இன்னும் வெளியே தெரிகின்றன. கொழும்புக்கு மின்சாரம் போன பின்பும், அதே மலைகளின் பல லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. புதிய வாகனங்களின் நன்மை நகரத்துக்கும், அதற்கான விலை மலைக்கும் என்று மறுபடியும் ஆகாதிருக்க நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

முடிவாக, மின்சாரக் கார் பெற்றோல் காரைவிட நல்லதுதான். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள்: மின்சாரம் சுத்தமாக வர வேண்டும், கார் நீண்டகாலம் ஓட வேண்டும், பழைய பற்றரி குப்பையில் சேராமல் மீட்டெடுக்கப்பட வேண்டும்.

கலந்துரையாட:
1. கூரையில் சூரிய மின்தகடு உள்ளவர் காருக்குப் பகலில் மின்னேற்றுவது ஏன் நல்லது?
2. உங்கள் தோட்டத்துக்கு ஒழுங்கான பஸ் சேவை பெற யாரை அணுகலாம்?
3. பழுதான பற்றரிகள் உங்கள் ஊரில் எங்கே போய்ச் சேருகின்றன?