கேமராவுக்கு முன் லென்ஸ் விலையைக் கேளுங்கள்

முதல் கேமரா வாங்கப் போகிறவர் ‘கேனனா, நிக்கானா, சோனியா?’ என்றுதான் ஆரம்பிப்பார். ஏறக்குறைய ஒரே விலையுள்ள மூன்றிலும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பெயரை மறைத்துக் காட்டினால், பிரித்துச் சொல்வது கடினம். வித்தியாசம் லென்ஸ் பூட்டும் உலோக வளையத்தில், அதாவது மவுன்ட்டில் இருக்கிறது. பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அதைவிட நெடுநாள் உழைக்கும். எனவே பாடியின் விலையோடு நின்றுவிடாமல், ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், பறவையோ விளையாட்டோ எடுக்க ஆசையிருந்தால் ஒரு டெலி லென்ஸ், இவற்றின் விலையையும் ஒவ்வொரு பிராண்டிலும் கூட்டிப் பாருங்கள். கணக்கு தலைகீழாக மாறலாம்.

‘வேறு மவுன்ட்டின் லென்ஸை மாட்ட அடாப்டர் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது ஒருவழிப் பாதை. மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி கேனனின் பழைய இஎஃப் மவுன்ட்டில் 44 மி.மீ.; 2018இல் வந்த மிரர்லெஸ் ஆர்எஃப் மவுன்ட்டில் 20தான். அதனால் பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டலாம், புதியதைப் பழையதில் மாட்ட முடியாது. செகண்ட்ஹேண்டில் நிக்கான் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸை டி3500 போன்ற பாடியில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். ‘முகத்தின் நிறம் கேனனில்தான் அழகு’ என்ற வாதம் ஜேபெக் படத்துக்கு ஓரளவு பொருந்தும். ரா ஃபைலாக எடுத்தால் நிறத்தைக் கணினியில் மாற்றிக்கொள்ளலாம். நண்பரிடம் இரவல் லென்ஸ் கிடைக்குமென்றால், அவருடைய மவுன்ட்டையே வாங்குவது இந்த விவாதம் எல்லாவற்றையும்விட லாபம்.